தேன்குழல் அச்சும் ஆட்டோகேடும்

கோவையில் பம்ப் உதிரி பாகங்களுக்குப் படம் போடுவது என் பிழைப்பு. அதற்கு உதவும் ஆட்டோகேட் மென்பொருள் 1982-ல் வந்தபோது அது தட்டைப் படம் வரையும் பலகைதான். திடப்பொருள் வேலையெல்லாம் பிறகு சேர்ந்தது.

புதுப் பையன்களுக்கு 'எக்ஸ்ட்ரூட்' கட்டளையை நான் தேன்குழல் அச்சை வைத்துத்தான் சொல்லித்தருவேன். அச்சில் இருப்பது தட்டையான ஓட்டை. அழுத்தினால் அதே வடிவம் நீண்டு இறங்குகிறது. திரையில் 60 மி.மீ. வட்டம் வரைந்து 20 மி.மீ. உயரம் கொடுங்கள், உருளை எழும். நடுவே சின்ன உருளை ஒன்றைப் போட்டுக் கழித்தால் புஷ் தயார்.

கப்பிக்கு 'ரிவால்வ்'. பாதி வெட்டுத்தோற்றத்தை மையக்கோட்டைச் சுற்றி 360 டிகிரி சுழற்றினால் போதும், குயவர் சக்கரம் மாதிரி.

வில்லங்கம் கோடுகளில்தான். ஒருமுறை வெளியிலிருந்து வந்த படத்தை 'எக்ஸ்ட்ரூட்' செய்தேன். திடப்பொருள் வரவில்லை, உள்ளே ஒன்றுமில்லாத காகிதச் சுவர்கள் நின்றன. அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு மூலையில் 0.02 மி.மீ. இடைவெளி! தாளில் யார் கண்ணுக்கும் படாது. கம்ப்யூட்டருக்கோ அது திறந்த வாசல். முனைகளைத் தொடவைத்து, எல்லாவற்றையும் ஒரே தொடர்கோடாக, அதாவது பாலிலைனாக, ஆக்கினேன். அதே கட்டளைக்குத் திடப்பொருளாக எழுந்தது.