விட்டுவிட்ட மீன்

ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு கிளம்பி மாலையில் வெறுங்கையோடு திரும்பினால் வீட்டில் என்ன வரவேற்பு கிடைக்கும் என்பது நம் சங்கத்துத் தூண்டில் அன்பர்களுக்குத் தெரியும். "பிடித்தேன், விட்டுவிட்டேன்" என்றால் யாரும் நம்புவதில்லை. என் மனைவி முப்பது வருடங்களாக நம்பவில்லை.

நான் இதைக் கற்றது 1994-இல், பெங்களூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில், காவிரிக்கரை பீமேஸ்வரியில். அப்போது அங்கே தூண்டில் முகாம் இருந்தது. மஹ்சீரைப் பிடித்தால் எடையைக் குறித்துக்கொண்டு ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். என்னோடு பரிசலில் வந்த வழிகாட்டி, ஒரு காலத்தில் வெடி போட்டு மீன் பிடித்தவராம்!

கொக்கியில் ராகி உருண்டை. இருபது நிமிடப் போராட்டத்துக்குப் பிறகு ஒன்பது கிலோ மீன் கரைக்கு வந்தது. படம் எடுக்கும் ஆசையில் அதைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். "அதுக்கு மூச்சு வேண்டாமா சாமி?" என்று அவர் பிடுங்கிக்கொண்டார். நீரோட்டத்தைப் பார்த்து முகம் இருக்கும்படி தண்ணீருக்குள் வெகுநேரம் தாங்கிப் பிடித்திருந்தார். வால் அசைந்ததும் கையை எடுத்தார். அது பிழைத்ததா என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

விடுவதென்றால் ஒழுங்காக விட வேண்டும். கொக்கியின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். காய்ந்த கை மீனின் மேலுள்ள வழவழப்பைத் துடைத்துவிடும், நோய் அண்டாமல் காப்பது அதுதான். செவுளில் விரல் வேண்டாம். மெல்லிய நரம்பைப் போட்டு நெடுநேரம் அலைக்கழித்தால், விட்ட பிறகும் சாகும். கொக்கியை விழுங்கிவிட்டால் பிடுங்காதீர்கள், நரம்பை வெட்டிவிடுங்கள்.

குறித்து வைத்த எடைகள் வீண்போகவில்லை. அதே காவிரியில் காலிபோரே முகாமின் 1998 முதல் 2012 வரையிலான பதிவுகளை, 6,000-க்கும் மேற்பட்ட மீன்களின் கணக்கை, ஆராய்ச்சியாளர்கள் பின்னர் எடுத்துப் பார்த்தார்கள். வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மஹ்சீர் பெருகியிருந்தது. காவிரிக்கே உரிய திமில் மஹ்சீர் ஏறக்குறைய மறைந்திருந்தது. 2018-இல் அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. விட்டுவிடுவது மட்டும் அதைக் காப்பாற்றவில்லை, உண்மைதான். ஆனால் பிடித்ததையெல்லாம் குழம்பு வைத்திருந்தால், அது போய்க்கொண்டிருக்கிறது என்பதே தெரிந்திருக்காது.

அந்த முகாம்களில் தூண்டில் நின்று வருடங்களாகிவிட்டன. இப்போது அனுமதி பெற்று ஏரிக்குப் போகிறேன். கறிக்கு வேண்டுமானால் சிறியதாக ஒன்று. பெரியது பெரும்பாலும் முட்டையிடும் தாய் என்பதால் தண்ணீருக்கே.

போன மாதம் மனைவியும் வந்தார். நான் விட்ட கெண்டையைக் கண்ணாரப் பார்த்தார்.

"இத்தனூண்டுக்கா முப்பது வருஷமா இவ்வளவு கதை?" என்றார்.