ஓலையில் ஏன் ஓவியம் இல்லை? மடத்துப் பிரார்த்தனைப் புத்தகங்களின் கதை

இன்னிக்குப் புத்தகத்துக்குள்ள இருக்கிற அலங்காரத்தைப் பத்திப் பேசப்போறோம்.

ஐரோப்பாவில் நடுக்காலத்து மடங்களில் கையால் எழுதின பிரார்த்தனைப் புத்தகங்களை இணையத்தில் எங்கேயாவது பார்த்திருப்பீங்க. பக்கத்தில் பாதியை ஒரே ஒரு எழுத்து அடைச்சுக்கிட்டு நிக்கும். அந்த எழுத்தோட வயித்துக்குள்ள தாவீது ராஜா உட்கார்ந்து யாழ் மீட்டிக்கிட்டு இருப்பார். சுத்தியும் கொடி, இலை, தங்கம், ஆழமான நீலம். அதைப் பார்த்த கையோட நம்ம ஊர் ஓலைச்சுவடி ஒண்ணைப் பாருங்க. பழுப்பு நிறம். இடைவெளியே விடாமல் ஓடும் பொடி எழுத்து. ஓரத்தில் ஒரு எண். முடிஞ்சுது.

இரண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சால், அங்கே கலை இருந்துச்சு, இங்கே வெறும் எழுத்துதான்னு சுலபமா முடிவு பண்ணிடலாம். அது தப்பான ஒப்பீடு. காரணம் சொல்றேன்.

முதலில் அந்தப் புத்தகத்தை யார், எப்போ திறந்தாங்கன்னு பார்ப்போம். 6-ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய மட ஒழுங்கின்படி, 150 திருப்பாடல்களையும் ஒரு வாரத்துக்குள் பாடி முடிக்க வேண்டும். பகலில் ஏழு முறை, இரவில் ஒரு முறை ஜெபம். நம்ம ஊர் கத்தோலிக்கர்கள் இன்னைக்கும் திருப்புகழ்மாலைன்னு சொல்றது இந்த வழக்கத்தின் தொடர்ச்சிதான். இப்போ நடுராத்திரி, குளிர், ஒரு மெழுகுவர்த்தி, தூக்கம் கலையாத ஒரு துறவி. அவர் கையில் நூற்றுக்கணக்கான தோல் பக்கங்கள். இன்றைக்கு எங்கே ஆரம்பிக்கணும்?

அந்தப் பெரிய எழுத்து நிக்கிற இடத்தில். ரோமன் வரிசைப்படி ஞாயிறு இரவு ஜெபம் 1-ஆம் திருப்பாடலில் தொடங்கும். திங்கள் 26, செவ்வாய் 38, புதன் 52, வியாழன் 68, வெள்ளி 80, சனி 97. ஞாயிறு மாலை ஜெபத்துக்கு 109. இவை லத்தீன் பைபிளின் எண்கள். இந்த எட்டு இடத்தில் மட்டும் பக்கத்தை அடைக்கிற எழுத்து வரும். மற்ற திருப்பாடல்களின் தொடக்கத்தில் இரண்டு வரி உயரத்துக்கு ஒரு நடுத்தர எழுத்து. ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு வரி உயரத்தில் குட்டி எழுத்து, ஒண்ணு சிவப்பு, அடுத்தது நீலம். வெப் பேஜ் எழுதின யாருக்கும் இது தெரிஞ்ச விஷயம்தான்: ஹெச்1, ஹெச்2, ஹெச்3. (பெனடிக்ட் மடங்களோட வரிசை இதிலிருந்து வேறுபடும். ஆனாலும் அங்கே எழுதின பல புத்தகங்களில் இதே இடங்களிலோ, 1, 51, 101 என்று மூன்றாகப் பிரித்தோ பெரிய எழுத்து வச்சிருக்காங்க.)

சிவப்பு மைக்கும் ஒரு வேலை உண்டு. கறுப்பில் இருப்பது வாய்விட்டுச் சொல்ல வேண்டியது. சிவப்பில் இருப்பது "இங்கே எழுந்து நில்", "இந்தப் பாட்டைப் பாடு" மாதிரியான குறிப்பு. நம்ம பாஷையில சொன்னா, கோடுக்குள்ள இருக்கிற கமெண்ட். அந்தச் சிவப்புக்கு நம்ம சித்த வைத்தியத்தில் வரும் சாதிலிங்கமும் பயன்பட்டது, ஈயத்திலிருந்து எடுக்கும் செந்தூரமும் பயன்பட்டது. ஈயச் செந்தூரத்துக்கு லத்தீனில் மினியம்னு பேர். மினியேச்சர் என்ற சொல் அதிலிருந்து வந்தது. சின்னப் படம் என்ற அர்த்தம் பிறகுதான் வந்து ஒட்டிக்கிச்சு.

நீலத்தோட கதை இன்னும் பெரிசு. அதில் உயர்ந்த ரகம் லாபிஸ் லசூலி என்ற கல்லை அரைச்சு எடுத்தது. அந்தக் கல் வந்தது ஆப்கானிஸ்தானத்தின் படக்ஷான் மலையிலிருந்து. ஜெர்மனியில் டால்ஹைம் என்ற இடத்தில் ஒரு கன்னியர் மடத்தின் இடுகாட்டில், சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு பெண்ணின் பற்காரையில் இந்த நீலத்தின் துகள்கள் கிடைச்சுது. 2019-இல் அந்த ஆய்வு வெளியாச்சு. தூரிகை முனையை வாயில் வச்சு கூர்மையாக்கி, அப்படியே பற்களில் தங்கியிருக்கலாம்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. பெயர் தெரியாத ஒரு ஓவியர், பல்லில் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்கார். மடத்துப் புத்தகம்னாலே ஆண் துறவி எழுதினதுன்னு நினைச்சவங்களுக்கு அந்தப் பல் பதில் சொல்லிடுச்சு.

மடங்களுக்குள்ளேயே இந்த அலங்காரத்துக்கு எதிர்ப்பும் இருந்தது. 12-ஆம் நூற்றாண்டில் சிஸ்டர்சியன் துறவிகள், எழுத்து ஒரே நிறத்தில் இருக்கணும், உருவம் வரையக் கூடாதுன்னு விதி போட்டாங்க. ஆனால் பெரிய எழுத்தையே வேண்டாம்னு சொல்லலை. தங்கத்தைத் துறக்கலாம், மிருகங்களைத் துறக்கலாம், பக்கத்தில் இடம் தேடுற வசதியைத் துறக்க முடியலை.

இப்போ நம்ம பக்கம் வருவோம். கள்ளக்குறிச்சி மாவட்டம்னா பலருக்கு மேற்கே இருக்கிற கல்வராயன் மலைதான் ஞாபகம் வரும். கிழக்கே உளுந்தூர்பேட்டை வட்டத்தில் திருநறுங்கொண்டைன்னு ஒரு ஊர் இருக்கு. குன்றின் மேல் பாறையில் செதுக்கிய பார்சுவநாதர், தலைக்கு மேல் படம் விரித்த பாம்பு. அப்பாண்டைநாதர் கோயில்னு தமிழ்ச் சமணர்கள் இன்றும் வழிபடுறாங்க. நடுக்காலத்தில் இது துறவிகளும் ஆசிரியர்களும் இருந்த கல்வி இடம். சூடாமணி நிகண்டு எழுதிய மண்டலபுருடரின் குரு குணபத்திரர் இந்த ஊரைச் சேர்ந்தவர்தான்.

இங்கே இருந்தவர்கள் கையாண்டது பனை ஓலை. அகலம் மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான். அதில் மையால் எழுதுவதில்லை, எழுத்தாணியால் கீறுவாங்க. கீறி முடிச்ச பிறகு விளக்குக்கரியோ இலைச்சாறோ தடவித் துடைச்சா, கீறலுக்குள்ள மட்டும் கறுப்பு தங்கும். அதாவது நிறம் கடைசியில், ஓலை முழுசுக்கும் ஒரே தடவையில் வருது. சிவப்பு ஒரு வரி, நீலம் ஒரு வரின்னு வைக்க வழியில்லை. புள்ளி வச்சா ஓலை பொத்துக்கும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளியே கிடையாது. குறில் எகரம், நெடில் ஏகாரம் ஒரே மாதிரி. துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி. சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. செய்யுளும் உரைநடை மாதிரியே தொடர்ந்து ஓடும்.

ஆனா ஓலையில் படம் வரையவே முடியாதுன்னு சொன்னா அது பொய். ஒடிசாவில் இதே எழுத்தாணியால் பிரமாதமான கோட்டோவியங்கள் கீறினாங்க. தமிழ்நாட்டிலும் சில சுவடிக்கட்டுகளின் மரச்சட்டத்தில் வண்ண ஓவியம் உண்டு. வண்ணம் தெரியாதவங்களும் இல்லை: காஞ்சிபுரம் பக்கத்தில் திருப்பருத்திக்குன்றம் சமணக் கோயிலில், 1387–88-இல் விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டிய சங்கீத மண்டபத்தின் கூரையைப் பாருங்க. தீர்த்தங்கரர்களின் வாழ்க்கை கட்டம் கட்டமா, படத்துக்குப் படம் எழுத்துக் குறிப்போட இருக்கு. கிட்டத்தட்ட அண்ணாந்து படிக்கிற காமிக்ஸ்.

அப்போ ஓலையில் இடம் எப்படிக் கண்டுபிடிச்சாங்க? இதில்தான் எனக்குள்ள இருக்கிற ப்ரோகிராமர் எழுந்து உட்கார்ந்தான். அடையாளத்தைப் பக்கத்தில் வைக்கலை, பாட்டுக்குள்ளேயே வச்சுட்டாங்க.

அந்தாதியை எடுத்துக்கோங்க. ஒரு பாட்டு எந்தச் சொல்லில் முடியுதோ அதில் அடுத்த பாட்டு தொடங்கும். டேட்டா ஸ்ட்ரக்சர் வகுப்பில் லிங்க்டு லிஸ்ட்னு படிச்சோமே, அதேதான். நம்மாழ்வாரின் திருவாய்மொழி 1,102 பாசுரம், முழுக்க இந்தச் சங்கிலி. கடைசிப் பாசுரத்தின் முடிவு முதல் பாசுரத்தின் தொடக்கத்தோட போய்ச் சேரும். சமணரான அவிரோதியாழ்வார் மயிலாப்பூர் நேமிநாதர் மேல் பாடினதும் ஒரு அந்தாதிதான், திருநூற்றந்தாதி. கட்டிலிருந்து ஒரு ஓலை விழுந்துட்டா, இரண்டு ஓலைக்கு நடுவில் சொல் பொருந்தாது. உடனே தெரிஞ்சிடும். ஓலை கலைஞ்சு போனாலும் திரும்ப அடுக்கிடலாம். சம்பந்தர் தேவாரத்தில் கடைசிப் பாட்டைத் திருக்கடைக்காப்புன்னு சொல்வாங்க. அதில் பாடியவர் பெயர், ஊர், பல இடங்களில் பத்துப் பாட்டு என்ற கணக்கும் வரும். ஃபைலோட முடிவில் இருக்கிற மெட்டாடேட்டா. அந்தாதி ஓலைக்காகவே பிறந்ததுன்னு நான் சொல்ல வரலை. ஓலையில் அது இந்த வேலையைப் பார்த்தது, அவ்வளவுதான்.

மண்டலபுருடர் இன்னும் ஒரு படி போனார். அவருடைய நிகண்டு பிரார்த்தனை நூல் இல்லை, செய்யுளில் ஒரு அகராதி. பல பொருள் தரும் சொற்களைச் சொல்கிற அதன் 11-ஆம் தொகுதியைச் சொல்லின் இரண்டாம் எழுத்தை வச்சு, ககர எதுகை, சகர எதுகைன்னு அடுக்கியிருக்கார். மனப்பாடம் செஞ்சவனுக்கு எதுகை காதில் ஒலிச்ச உடனே எந்தப் பகுதின்னு தெரியும். கண்ணுக்குப் பெரிய சிவப்பு எழுத்து என்ன செஞ்சுதோ, அதைக் காதுக்கு எதுகை செஞ்சுது.

ஓலையில் படம் வரைஞ்ச இடங்களில் என்ன நடந்ததுன்னும் பார்க்கணும். நாளந்தா போன்ற பௌத்த விகாரங்களில் பாலர் காலத்தில், 11-ஆம் நூற்றாண்டு வாக்கில், அஷ்டசாஹஸ்ரிகா பிரஜ்ஞாபாரமிதா சுவடிகளில் புத்தரும் தாரையும் வண்ணத்தில் வந்தாங்க. அங்கே தாளிப்பனை ஓலையில் மையால் எழுதினாங்க, அதனால் வண்ணமும் ஒட்டியது. படத்துக்கும் பக்கத்தில் இருக்கிற வாசகத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது. அது காவல், பூஜை. கர்நாடகத்தில் மூடபித்ரி சமண மடத்தில் 12-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து தவளா சுவடிகள் இருக்கு. தீர்த்தங்கரர், பாகுபலி, யக்ஷி, வணங்கி நிற்கும் அடியார்கள்னு அழகான ஓவியங்கள். கர்ம தத்துவத்தை விளக்கும் கனமான நூல் அது. ஆனால் நூற்றாண்டுக் கணக்கில் மக்கள் அதை தரிசிக்கப் போனாங்களே தவிர, படிக்க யாருக்கும் எளிதில் கிடைக்கலை. 1939-இலிருந்து ஹீராலால் ஜெயின் பதிப்பாக வரத் தொடங்கின பிறகுதான் வெளியே படிச்சாங்க. அலங்காரம் புத்தகத்தைச் சாமியாக்கிடுச்சு.

ஐரோப்பியப் புத்தகத்துக்கும் அந்த அழகே எமனாச்சு. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஆட்டோ எகே என்ற பேராசிரியர், 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில், பழைய கைப்பிரதிகளைப் பிரிச்சு ஏடு ஏடாக வித்தார். 50 கைப்பிரதிகளிலிருந்து ஆளுக்கொரு ஏடாக எடுத்து, பெட்டி பெட்டியாகத் தொகுத்தார். வாங்கினவங்க ஃப்ரேம் போட்டு மாட்டினாங்க. இன்னைக்கு ஆய்வாளர்கள் அந்த ஏடுகளை ஊர் ஊராகத் தேடி, ஸ்கேனில் மறுபடி ஒட்டிக்கிட்டு இருக்காங்க.

நம்ம சுவடிக்கு நேர் எதிர் விதி. பார்க்க ஒண்ணுமில்லை, அதனால் போச்சு. உ.வே.சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்குச் சுவடி தேடிப் போனபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் போட்டுட்டோம், சாஸ்திரம் அப்படித்தான் சொல்லுதுன்னு பதில் வந்ததை அவரே எழுதியிருக்கார். அதில் என்ன இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது.

மிஞ்சினதை ஸ்கேன் பண்ற வேலை நடக்குது. புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனங்களிடம் உள்ள சுமார் 11,000 சைவச் சுவடிகளை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. சந்தோஷம்தான். ஆனா ஒரு எஞ்சினியரா எனக்கு உறுத்துறது இது: லத்தீன் சால்ட்டரை ஸ்கேன் பண்ணினா அதோட யூஸர் இன்டர்ஃபேஸும் சேர்ந்து வந்துடும், ஏன்னா அது பக்கத்தில் இருக்கு. நம்ம சுவடியை ஸ்கேன் பண்ணினா பாதிதான் வரும். மீதி, அதை ராகத்தோட படிச்சு எங்கே சொல் பிரியும்னு தெரிஞ்சவங்க தொண்டையில் இருக்கு.

அதனால கள்ளக்குறிச்சி, திருக்கோவிலூர், எங்கேயா இருந்தாலும் உங்க வீட்டுப் பரணில் ஒரு ஏட்டுக்கட்டு கிடந்தா, படம் இல்லைன்னு ஒதுக்காதீங்க. நீங்களா எண்ணெய் தடவ வேண்டாம், கயிற்றை இழுத்துப் பிரிக்கவும் வேண்டாம். துளையில் செருகின நாராசம், கயிற்று முனையில் கோத்த கிளிமூக்கு, மரச்சட்டம் எல்லாத்தையும் அப்படியே வச்சுப் படம் எடுங்க. இடது ஓரத்து எண்ணை வெட்டிடாதீங்க, ஓலையோட வரிசை அதில்தான் இருக்கு. சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கு, தஞ்சாவூரில் சரசுவதி மகால் இருக்கு, கேளுங்க. வீட்டில் அந்தப் பாட்டைச் சொல்லத் தெரிஞ்ச தாத்தாவோ அத்தையோ இருந்தா, ஓலையைப் படம் எடுக்கிறதுக்கு முன்னாடி ஃபோனில் ரெக்கார்டரை ஆன் பண்ணுங்க.

அடுத்த எபிசோடில் எழுத்தாணி. அந்தக் கூர் முனை நம்ம எழுத்துக்களை எப்படி வளைச்சதுன்னு பார்ப்போம்.