உங்களுக்குத் தெரியுமா? கூடு கட்டுவது அப்பா மீன்!

பெட்டா எனும் சண்டை மீனில் கூடு கட்டுவதும் முட்டை காப்பதும் ஆண்தான். முட்டையிட்டு முடித்த தாயை அது விரட்டியடிக்கும். காற்றை விழுங்கி, எச்சில் பூசிய குமிழிகளாக உமிழ்ந்து, நீர்மட்டத்தில் மிதக்கும் கூடு செய்கிறது. மூழ்கும் முட்டைகளை வாயால் பொறுக்கி அதில் ஒட்டவைக்கிறது. ஒன்றிரண்டு நாளில் குஞ்சு பொரிந்துவிடும். இந்தக் கூட்டைப் பாசம் என்பதைவிட மூச்சுக்கான ஏற்பாடு என்பதே பொருந்தும்: வெதுவெதுப்பான தேங்கிய நீரில் ஆக்சிஜன் குறைவு, மேற்பரப்பில்தான் சற்றுத் தாராளம். துணையில்லாத ஆணும் தொட்டியில் கூடு கட்டுகிறதே என்று கேட்கலாம். கட்டும், அது இனப்பெருக்கத்துக்கான ஆயத்தம், ஜோடி சேர்ந்ததற்கான சான்று அல்ல. காற்று மோட்டார் ஓடும் தொட்டியில் கூடு எதற்கு? இயல்பூக்கம் மோட்டாரை அறியாது. உண்மையில் மோட்டார் கிளப்பும் அலைதான் கூட்டைக் கலைக்கிறது.

இது பெட்டாவின் தாயகமான தாய்லாந்துக்கே உரிய வித்தை என்றும் நினைக்க வேண்டாம். 1831-இல் விலங்கியலாளர் குவியே அறிவியல் பெயர் சூட்டிய ‘குபானஸ்’ என்ற நம்மூர்ச் சிறுமீனும் குமிழிக் கூடுதான் கட்டுகிறது. புதுச்சேரியின் அரியாங்குப்பம் ஆற்றின் பெயரே அதற்கு வாய்த்தது. பெரம்பலூர், அரியலூர் ஏரிப் பாசனக்காரர்களுக்குப் பழக்கமான விராலுக்கோ குமிழி தேவைப்படவில்லை. அதன் முட்டையில் எண்ணெய்த் துளி இருப்பதால் தானாகவே மிதக்கும். பாசிச் செடிகளை விலக்கி இடம் ஒதுக்கினால் போதும். காவலுக்குத் தாயும் தந்தையும் சேர்ந்தே நிற்கும்.