பழைய அரசு லேப்டாப்பில் பைத்தான்

தொண்டாமுத்தூர்ப் பக்கம் பல வீடுகளில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டர், அண்ணனோ அக்காவோ பள்ளியில் வாங்கிய அரசு லேப்டாப்தானுங்க. 2011-இல் தொடங்கிய திட்டம். ஆரம்ப வருஷத்து மெஷின்களில் விண்டோஸ் 7. பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்திலோ இப்போ பைத்தான். புது பைத்தானை இறக்கினால் அதில் ஏறாது. உடனே ‘லேப்டாப் போச்சு’ன்னு மூலையில் வெச்சுடறாங்க, பிள்ளையின் பயிற்சியும் நின்னுடுது.

மெஷின்ல கோளாறு இல்லீங்க. பைத்தான் 3.9 முதல் விண்டோஸ் 7-க்கு ஆதரவு கிடையாது, அவ்வளவுதான். அதனால நான் பென்டிரைவில் வைத்திருப்பது 3.8.10, 32 பிட். 30 எம்பிக்குள் அடங்கும். 64 பிட் விண்டோஸிலும் ஓடும். சர்வீஸ் பேக் 1 இருக்கான்னு முதல்ல பாருங்க. நிறுவும்போது ‘பாத்’தில் சேர்க்கும் கட்டத்தை டிக் பண்ணுங்க. ஐடில் எடிட்டர் கூடவே வந்துடும். பாடப் பயிற்சிக்கு அது போதும். அப்புறம் நெட்டும் வேண்டாம்.