விண்ணப்பத்தில் உங்கள் விருப்பம் தெரிகிறதா?

"நீங்கள் ஏன் ஆசிரியையாக வர விரும்புகிறீர்கள்?"

கல்வியியற் கல்லூரி நேர்முகப் பரீட்சைக்குப் போகவிருந்த எருக்கலம்பிட்டிப் பிள்ளை ஒருத்தியிடம் ஒத்திகைக்காக இப்படிக் கேட்டேன். "ஆசிரியத் தொழில் புனிதமானது. நாட்டுக்கு நற்பிரஜைகளை உருவாக்க..." என்று மனனம் செய்ததை ஒப்புவித்தாள். பக்கத்தில் இருந்த உம்மா இடைமறித்தார். "இதையேன் மகள் சொல்றீங்க? பின்னேரத்தில நம்மட வாசல்ல பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறீங்களே, அதைச் சொல்லுங்களேன்."

"அதெல்லாம் ஒரு விஷயமா உம்மா?" என்று வெட்கப்பட்டாள் மகள்.

சகோதரிகளே, அதுதான் விஷயம்!

நம் நாட்டின் அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலான பாடநெறிகளுக்கு உங்கள் ஆர்வத்தைக் கேட்பதில்லை. 2001 முதல் இஸட் புள்ளியே அங்கு அளவுகோல். மாவட்ட ஒதுக்கீட்டோடு, கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 வீத இடங்களும் உண்டு. மன்னாரும் புத்தளமும் அவற்றுள் அடங்கும். ஆனாலும் விண்ணப்பத்தில் பாடநெறிகளை எழுதும் வரிசை உங்கள் கையில்தான் இருக்கிறது. உங்கள் புள்ளி இடங்கொடுக்கும் தெரிவுகளில், நீங்கள் மேலே எழுதியதே கிடைக்கும். தோழி எழுதினாள் என்பதற்காக எழுதிவிட்டுப் பிறகு வருந்தாதீர்கள்.

நேர்முகப் பரீட்சை உள்ள இடங்களில் நிலைமை வேறு. கல்வியியற் கல்லூரிகள் மட்டுமல்ல, 2008இல் பங்களாதேஷின் சிட்டகாங்கில் தொடங்கிய ஆசியப் பெண்கள் பல்கலைக்கழகமும் பிள்ளையின் நோக்கத்தைக் கேட்டறிகிறது. புலமைப்பரிசிலோடு இலங்கைப் பெண்களும் அங்கு படித்து வருகிறார்கள்.

இத்தகைய இடங்களுக்கு எப்படி ஆயத்தமாவது?

முதலில், அந்த நிறுவனத்தைப் பற்றித் தேடி அறியுங்கள். என்ன பாடங்கள், எத்தனை வருடங்கள், விடுதி உண்டா என்று தெரிந்திருக்க வேண்டும். அங்கு படித்த ஒருவரிடம் பேசுங்கள். தெரியாததைக் கேட்பதும் ஆர்வத்தின் அடையாளமே.

அடுத்து, செய்ததைச் சொல்லுங்கள். "எனக்குச் சேவை மனப்பான்மை உண்டு" என்பதை எல்லோரும் சொல்வார்கள். நோயாளியான வாப்பும்மாவுக்கு நேரந்தவறாமல் மருந்து கொடுத்ததை நீங்கள் மட்டுமே சொல்ல முடியும்.

மூன்றாவது, இல்லாத ஆர்வத்தைக் காட்டாதீர்கள். இரண்டாவது கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும். விருப்பமில்லாத படிப்பில் இடம் கிடைத்தாலும் அது உங்களுக்குப் பாரமே.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளமேறிக் கற்பிட்டிக்குப் போனார்கள். புத்தகப் பையை விட்டுவிட்டுப் போன பிள்ளைகளில் சிலர் இன்று தாய்மார். அந்த உம்மாவும் அவர்களில் ஒருவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. "எனக்குப் படிக்க ஆசையா எண்டு யாருமே கேக்கல்ல டீச்சர்" என்றார்.

உங்கள் மகளிடம் முதலில் நீங்கள் கேளுங்கள். நேர்முகப் பரீட்சைக் குழுவின் முன்னால்தான் அவள் தன் விருப்பத்தை முதன்முறையாகச் சொல்கிறாள் என்றால், நா எழாமல் போவதில் வியப்பில்லை.

அந்தப் பிள்ளை போய் வந்துவிட்டாள். முடிவு இன்னும் வரவில்லை. "வாசல் வகுப்பைப் பற்றித்தான் கனநேரம் கேட்டாங்க டீச்சர்" என்றாள். இம்முறை அவள் முகத்தில் வெட்கம் இல்லை.