கடைசிப் பந்தியில் ஓர் இலை

ஜெர்மனியின் ஆஹன் நகரில் படிக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: “வீட்டு வாடகை அனுப்பக் கைபேசிச் செயலியில் ஐபான் எண்ணை அடித்தேன். இரண்டு இலக்கம் முன்பின்னாகிவிட்டது. அப்போது இணையமே இல்லை. ஆனாலும் உடனே சிவப்புக் கோடு விழுந்தது. வங்கியைக் கேட்காமல் அதற்கு எப்படித் தெரிந்தது? செயற்கை நுண்ணறிவா?”

இல்லை, பள்ளியில் படித்த வகுத்தல்தான்.

ஐபான் என்பது பன்னாட்டு வங்கிக் கணக்கு எண். ஜெர்மன் ஐபானில் 22 இடங்கள்: ‘டிஇ’ என்ற நாட்டுக் குறி, 2 சோதனை இலக்கங்கள், 8 இலக்க வங்கிக் குறியீடு, 10 இலக்கக் கணக்கு எண். செயலி முதல் நான்கு இடங்களைக் கடைசிக்குத் தள்ளி, ‘டி’யை 13 என்றும் ‘இ’யை 14 என்றும் மாற்றுகிறது. கிடைக்கும் 24 இலக்க எண்ணை 97ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும்.

கல்யாணப் பந்தியாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பந்திக்கு 97 இலை. எத்தனை கோடிப் பேர் வந்தாலும் கடைசிப் பந்தியில் ஓர் இலைதான் விழ வேண்டும். அப்படி விழுவதற்காகவே சேர்த்த ஆட்கள்தான் சோதனை இலக்கங்கள். பரிமாறுகிறவர் யாரையும் விசாரிக்க வேண்டாம். கடைசிப் பந்தியை எட்டிப் பார்த்தால் போதும்.

ஏன் 97? ஜெர்மானியர் 47ஐ ‘ஏழும் நாற்பதும்’ என்பார்கள். காதில் கேட்டபடி அடித்தால் 74 ஆகிவிடும். வித்தியாசம் 27, அதாவது 9×3. கணக்கு எண்ணில் அடுத்தடுத்த எந்த இரண்டு இலக்கம் இடம் மாறினாலும், வித்தியாசம் 9ஐயும் ஓர் ஒற்றை இலக்கத்தையும் சில 10களையும் பெருக்கியதாகவே இருக்கும். 97 பகா எண். இவை எதிலும் அது ஒளிந்திருக்க இடமில்லை. ஆகவே மீதி மாறியே தீரும். ஓர் இலக்கம் மட்டும் பிசகினாலும் அப்படியே. இந்த இரண்டு தவறுகளும் நூற்றுக்கு நூறு பிடிபடும். இவ்வளவு எளிய கணக்கு இவ்வளவு உறுதி தருவதுதான் என்னை வியக்க வைக்கிறது.

மீதிகளின் கணிதத்தை 1801இல் நூலாக்கியவர் ஜெர்மானியரான கவுஸ். பழைய 10 மார்க் நோட்டில் இருந்த முகம் அவருடையது. ஐபான் தரநிலை 1997இல் வந்தது. நம் ஆதாரின் 12ஆம் இலக்கமும் சோதனை இலக்கமே, முறை வேறு. வரலாறு இவ்வளவு போதும்.

ஆனால் இந்தச் சோதனையை மட்டும் நம்பிக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். கண்டபடி அடித்த எண்ணும் ஏறக்குறைய 97இல் ஒரு முறை தேறிவிடும். சரியாக 97 பேர் கூடுதலாக வந்தாலும் கடைசியில் அதே ஓர் இலைதானே! மோசடிக்காரரின் ஐபானும் வகுத்தலில் தேறும். இலையில் இருப்பவர் உறவினரா, அழையாதவரா என்று மீதி சொல்லாது. அதற்காகவே 2025 அக்டோபர் 9 முதல் யூரோ நாடுகளின் வங்கிகள், பணம் போகுமுன் பெயரும் எண்ணும் பொருந்துகின்றனவா என்று சரிபார்த்துச் சொல்ல வேண்டும். பொருந்தவில்லை என்று வந்தால், வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள்.