உங்களுக்குத் தெரியுமா? அழுங்கும் ஆர்மடில்லோவும்

கவசம் போட்ட பிராணி என்றால் பள்ளிப் பிள்ளைகள் உடனே ஆர்மடில்லோ என்கிறார்கள். டிவியும் யூடியூபும் அதை அவ்வளவு பழக்கிவிட்டன. ஆனால் இயற்கையில் ஆர்மடில்லோ அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கிறது. விருதுநகர் மாவட்டத்துப் பிள்ளைகள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அழுங்கை. அலங்கு, எறும்புத்தின்னி என்றும் அதைச் சொல்வார்கள். சிவகாசியிலிருந்து மேற்கே தெரியும் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகள் அது வாழும் காடு. சாம்பல் நிற அணிலுக்காக 1988-ல் அங்கே சரணாலயம் அறிவித்தார்கள். 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். அணிலுக்கும் புலிக்கும் கிடைத்த அந்தப் பாதுகாப்பில் அழுங்கும் ஒண்டிக்கொண்டிருக்கிறது.

அழுங்கும் ஆர்மடில்லோவும் சொந்தக்காரர்கள் அல்ல. ஆர்மடில்லோவின் பங்காளிகள் தேவாங்கு போன்ற தென்னமெரிக்க ஸ்லாத்தும் அங்குள்ள எறும்புண்ணிகளும். அழுங்குக்கு நெருங்கிய உறவு நாய், பூனை, புலி வகையறா. அதாவது, ஸ்ரீவில்லிபுத்தூர் காட்டில் திரியும் புலி அழுங்குக்கு எவ்வளவு உறவோ, அவ்வளவு உறவுகூட ஆர்மடில்லோ கிடையாது. எறும்பும் கரையானும் தோண்டித் தின்னும் பிழைப்பு இரண்டுக்கும் ஒரே மாதிரியான நகத்தையும் நாக்கையும் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

கவசமும் வேறு வேறு. ஆர்மடில்லோவின் ஓடு எலும்புத் தகடுகளால் ஆனது. அதன்மேல் கொம்புப் பொருள் மெல்லியதாக மூடியிருக்கும். அழுங்கின் செதிலில் எலும்பே இல்லை. முழுக்க கெரட்டின், நம் விரல் நகம் எதனால் ஆனதோ அதேதான்.

அழுங்குக்கு ஒரு பல்கூடக் கிடையாது. விழுங்கிய கரையானை வயிற்றுக்குள் இருக்கும் சிறு கற்கள் அரைக்கின்றன. ராட்சத ஆர்மடில்லோவுக்கோ நூறு பல் வரை இருக்கும்.

எல்லா ஆர்மடில்லோவும் பந்தாகச் சுருளும் என்று பாடப்புத்தகப் படங்களைப் பார்த்து நினைக்கிறோம். இருபதுக்கும் மேற்பட்ட இனங்களில் முழுப் பந்தாகச் சுருளத் தெரிந்தவை இரண்டே: மூன்று பட்டை ஆர்மடில்லோக்கள். மற்றவை ஓடிப் புதருக்குள் புகும், அல்லது மண்ணைத் தோண்டி இறங்கிவிடும். அழுங்கு வகைகளோ எல்லாமே சுருளும். 2014 உலகக் கோப்பைக் கால்பந்தின் சின்னமான ஃபுலேகோ, பிரேசிலின் மூன்று பட்டை ஆர்மடில்லோதான். பந்து விளையாட்டுக்குப் பந்தாகும் பிராணி.

அந்த பிரேசில் இனம் வாழும் காட்டிங்கா என்ற நிலத்தை நம் கரிசல்காட்டு ஆட்கள் பார்த்தால் அந்நியமாக நினைக்க மாட்டார்கள். மழை குறைவு, முள் மரம், வறண்ட மாதங்களில் இலை உதிர்ந்து வெளிறிய காடு. சாத்தூர், சிவகாசிப் பக்கம் தீப்பெட்டியும் பட்டாசும் வேர்விட்டதற்கு அதே மாதிரி வறட்சிதான் காரணம். இன்னொரு தொடர்பும் உண்டு. நம் கண்மாய்களை அடைத்துக் கிடக்கும் சீமைக் கருவேலத்தின் பிறந்த மண் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் தென்னமெரிக்காவின் வடபகுதியும். ஒன்பது பட்டை ஆர்மடில்லோவும் அந்த மண்ணின் பிராணிதான். மரம் கப்பலேறி வந்துவிட்டது, பிராணி அங்கேயே தங்கிவிட்டது.

தங்கியது என்றாலும் சும்மா இருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஒன்பது பட்டை இனம் ரியோ கிராண்டே ஆற்றைத் தாண்டி டெக்சாஸுக்குள் நுழைந்தது. இன்றைக்கு அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதி முழுக்கப் பரவியிருக்கிறது. ஆறு குறுக்கிட்டால் அதற்கு இரண்டு வழி: மூச்சை அடக்கி ஆற்றின் அடியில் நடந்தே கடக்கும், அல்லது காற்றை விழுங்கி வயிற்றை உப்பவைத்து மிதந்து போகும். பயந்தால் நேராக மேலே துள்ளும். காரின் அடியில் சிக்கும்போது அந்தத் துள்ளலே அதன் உயிரை எடுத்துவிடுகிறது. ஒரே கருவிலிருந்து, அச்சு அசலாக ஒரே மாதிரி நான்கு குட்டிகள் போடுவது இதன் வழக்கம்.

இந்த ஒன்பது பட்டை ஆர்மடில்லோவுக்குத் தமிழ்நாடு கடன்பட்டிருக்கிறது. தொழுநோய்க் கிருமியைச் சோதனைக்கூடத்துத் தட்டில் வளர்க்க முடியாது. குளிர்ந்த உடல்தான் அதற்குப் பிடிக்கும். ஆர்மடில்லோவின் உடல்சூடு நம்முடையதைவிடக் குறைவு. அதன் உடலில் கிருமி பெருகும் என்று 1971-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். அப்படிப் பெருக்கி, கொன்ற கிருமியை பி.சி.ஜி. என்ற காசநோய் ஊசி மருந்தோடு கலந்து ஒரு தடுப்பூசி செய்தார்கள். அதையும் வேறு சில தடுப்பூசிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பெரிய சோதனை 1991-ல் செங்கல்பட்டுப் பக்கம் தொடங்கியது. 1,71,400 பேர் ஊசி போட்டுக்கொள்ள முன்வந்தார்கள். 1998-ல் வெளியான முடிவில் அந்தக் கலவை 64 சதவீதம் பாதுகாப்புத் தந்ததாகத் தெரிந்தது. ஒரு நோயின் பெயரைச் சொல்லி ஆட்களை ஊருக்கு வெளியே ஒதுக்கிய நாட்டில், கடல் கடந்த ஓர் ஓட்டுப் பிராணியும் செங்கல்பட்டு கிராமத்து மக்களும் சேர்ந்து செய்த இந்த வேலையை நாம் எந்தப் பாடத்திலும் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

ஆர்மடில்லோவில் மிகச் சிறியது இளஞ்சிவப்பு ஓடு கொண்டது. அர்ஜென்டினாவின் மணல் நிலத்தில் பூமிக்கடியிலேயே வாழ்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

ஆண்டிஸ் மலைவாசிகள் ஆர்மடில்லோவின் ஓட்டையே குடமாக வைத்துச் சராங்கோ என்ற நரம்பு வாத்தியம் செய்தார்கள். இப்போது பெரும்பாலும் மரத்தில் செய்கிறார்கள். நல்ல மாற்றம்.

நம் அழுங்கு இரவில்தான் வெளியே வரும். பகலெல்லாம் தோண்டிய வளைக்குள் தூக்கம். காட்டில் மட்டும் இருக்கும் என்றும் இல்லை. புதர்க்காடு, புல்வெளி, தோட்டங்களின் ஓரம் என்று கரையான் கிடைக்கும் இடத்தில் வாழ்ந்துகொள்ளும். முன்னங்காலின் நீண்ட நகங்கள் மழுங்காதபடி உள்ளே மடக்கிக்கொண்டு நடக்கும். எறும்புப் புற்றில் வாய் வைக்கும்போது கண், காது, மூக்கை மூடிக்கொள்ளும். பெரும்பாலும் ஒரே குட்டிதான். குட்டி தாயின் வாலின்மேல் தொற்றிக்கொண்டு சவாரி செய்யும். ஆபத்து என்றால் தாய் குட்டியை நடுவில் வைத்துச் சுருண்டுகொள்ளும்.

புலியும் சிறுத்தையும் பிரிக்கத் திணறும் அந்தச் சுருளை மனிதன் சாக்கில் போட்டுத் தூக்கிப் போகிறான். ஓடித் தப்பாத பிராணிக்கு இதுதான் கேடு. செதிலில் மருந்து இருக்கிறது என்ற நம்பிக்கையால் 2009 முதல் 2017 வரை இந்தியாவில் குறைந்தது 5,772 அழுங்குகள் கடத்தலுக்குப் பலியானதாக, வனவிலங்கு வணிகத்தைக் கண்காணிக்கும் ட்ராஃபிக் அமைப்பு கணக்கிட்டது. நகத்தைக் கடித்துத் தின்றால் நோய் தீருமா? தீராது என்றால் செதிலாலும் தீராது. எட்டு அழுங்கு இனங்களுக்கும் பன்னாட்டு வணிகத்தைத் தடைசெய்ய 2016-ல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய பன்னாட்டு வனவிலங்கு வணிக மாநாட்டில் முடிவெடுத்தார்கள். 2020-ல் சீனா தன் மருந்துப் பட்டியலிலிருந்து செதிலை நீக்கியது.

பிப்ரவரி மாதத்து மூன்றாம் சனிக்கிழமை உலக அழுங்கு நாள். நாட்டுக்கே காலண்டரும் நோட்டு அட்டையும் அச்சடிக்கும் சிவகாசியில், கிளியும் புலியும் அச்சாகும் தாளில் அழுங்குக்கும் ஓர் இடம் கொடுக்கலாம். அச்சகத்து முதலாளிகளிடம் மனதாரக் கேட்கிறேன்.

தோட்டத்திலோ சாலையிலோ அழுங்கைக் கண்டால் சுருளைப் பிரிக்காதீர்கள், கூண்டில் அடைக்காதீர்கள், பால் வைக்காதீர்கள். அடைத்து வைத்தால் தீனி எடுக்காமலே பெரும்பாலும் செத்துவிடும். ஆட்களையும் நாய்களையும் விலக்கிவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பிராணி இது. பிடித்தால் மூன்று முதல் ஏழாண்டு வரை சிறை.